சூசை அண்ணனின் ஜெர்மன் கார்

முன் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

முதலாளி போன வாரம் கூப்பிட்டு, "அக்கா, புதுசா வந்திருக்கிற பிள்ளைங்களுக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்க லா, நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க" என்றார். என் சொல்லை மட்டும் கேட்பீர்களா என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவளிடம் பேசச் சொன்னால் அவள் பேசாமல் இருப்பாளா?

புக்கிட் காத்தில் பக்கம் இருக்கும் நம் வொர்க்‌ஷாப்புக்கு ஐரோப்பியக் கார்கள் மட்டும்தான் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கார்களை எனக்குப் பழுது பார்க்கத் தெரியாது. நான் ஓட்டுவது ஒரு சின்ன உள்ளூர்க் கார்; அதன் சர்வீஸ் தேதியே எனக்கு ஞாபகம் இருக்காது. ஆனால் அந்த முன் மேசையில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களின் முகத்தைப் பார்த்தே பாதி வாழ்நாளைக் கழித்திருக்கிறேன். இன்ஜினைப் பற்றி உள்ளே இருக்கிறவர்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். அதன் சொந்தக்காரரைப் பற்றி நான் சொல்கிறேன்.

இந்த வகைக் காரை வாங்குகிறவர் இரண்டு சாமான்களை வாங்குகிறார். ஒன்று கார். இன்னொன்று, இந்த இன்ஜின் என்றைக்காவது போய்விடுமோ என்ற பயம். காரைத் தவணை முறையில் வாங்கலாம். பயத்தை முதல் நாளே முழுசாகக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

எனக்குத் தெரிந்து அந்தப் பயத்தை மிகவும் சிரத்தையாகப் பராமரித்தவர் சூசை அண்ணன்.

அவர் ரெம்பியாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, சுங்கை ஊடாங்கில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ரெஜினா அக்கா அரசாங்க கிளினிக்கில் நர்ஸாக இருந்தவர். ஒரே மகள், சிரம்பானில் கல்யாணம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஓய்வு பெற்றதும் சூசை அண்ணன் தன் வாழ்நாள் ஆசையை நிறைவேற்றிக்கொண்டார். கருநீல நிறத்தில், ஒருவர் வைத்திருந்து விற்ற ஒரு பெரிய ஜெர்மன் கார். உண்மையிலேயே அழகான கார். நம் ஃபோர்மேன் அதை முதல் தடவை பார்த்தபோது கையைத் துடைத்துக்கொண்டுதான் தொட்டார்.

காரை வாங்கி முடித்த பிறகுதான் சூசை அண்ணன் அதைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார். இதுவும் வழக்கம்தான். ஞாயிறு கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது ஒருவர் சொன்னார், இந்த இன்ஜினில் செயின் அறுந்தால் அதோடு சரி என்று. இன்னொருவர் ஒரு வீடியோ அனுப்பினார். அதில் எங்கோ ஒரு நாட்டில் ஒரு மனிதர் இதே இன்ஜினைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு சூசை அண்ணனுக்குத் தூக்கம் போய்விட்டது.

அவர் எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தார். காலையில் காரை ஸ்டார்ட் பண்ணி, போனை பானெட்டுக்குப் பக்கத்தில் பிடித்துப் பதிவு செய்து அனுப்புவார். "கேட்டுப் பாருங்க செலின், நேத்து இருந்த சத்தம் இல்ல இது." நான் கேட்டுவிட்டுக் கூப்பிடுவேன்.

"அண்ணே, எனக்கு சேவல் கூவுறதுதான் கேக்குது."

"அதுக்குப் பின்னாடி கேளுங்க."

"அதுக்குப் பின்னாடி அக்கா உங்களத் திட்டுறாங்க."

காரில் ஏறினால் இன்ஜின் சூடாகும்வரை யாரும் பேசக்கூடாது. அவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ரெஜினா அக்கா ஒருநாள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்: "கல்யாணம் ஆன நாள்லேருந்து என் இருமல இவரு இவ்வளவு அக்கறையாக் கேட்டதில்ல செலின். இந்தக் கார் லேசா ஒரு கனைப்பு கனைச்சா போதும், முகம் வெளுத்துடுது."

சூசை அண்ணன் சுவரில் ஒட்டியிருந்த டயர் விளம்பரத்தைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவர்களைப் பார்த்துச் சிரிக்கலாம். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அவர்களுக்குத் தெளிவாக ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளக் கொடுக்க வேண்டும். நான் கொடுத்தேன். "அண்ணே, மஞ்சள் லைட் வந்தா பதறாதீங்க, நிதானமா இங்க கொண்டு வாங்க. ஆயில் படம் போட்ட சிவப்பு லைட் வந்தா மட்டும் ஒரு அடிகூட நகரக்கூடாது. அந்த இடத்துலயே நிறுத்தி இன்ஜின ஆஃப் பண்ணிடுங்க." இதைத்தான் நீங்களும் சொல்லப்போகிறீர்கள். சரியான வார்த்தைதான். அவர் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு வாய்ஸ் மெசேஜ் குறைந்தது. அவர் மகளுக்குக் குழந்தை பிறந்தது. சிரம்பானிலிருந்து தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். மருமகன் தன் வண்டியில் கொண்டுவந்து விடுகிறேன் என்றிருக்கிறார். சூசை அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. பேரன் வீட்டுக்கு வருவது தன் காரில்தான் என்று நின்றுவிட்டார். மருமகன் வேலை முடிந்து பிறகு வருவதாகச் சொல்லிவிட்டார். கிளம்புவதற்கு முன் சூசை அண்ணன் காரை நம்மிடம் கொண்டுவந்து காட்டினார். ஃபோர்மேன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "போய்ட்டு வாங்க அண்ணே, கார் நல்லா இருக்கு" என்றார். நல்லாத்தான் இருந்தது.

அன்று மத்தியானம் மழை. நான் ஒரு டாக்டரம்மாவுக்கு ஏசியில் ஏன் தண்ணீர் ஒழுகுகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ரெஜினா அக்கா.

"செலின், சிவப்பு லைட் வந்துடுச்சு. இவரு நிறுத்தப் போறாரு."

அவர் குரலில் பதற்றம் இல்லை. நர்ஸ் அல்லவா. ஆனால் அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு ஹாரன் சத்தம் கேட்டது. நீளமான, பெரிய வண்டியின் ஹாரன். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் நானும் வழக்கம்போல, நிறுத்தி ஆஃப் பண்ணுங்க என்றுதான் சொல்லியிருப்பேன்.

"எங்க இருக்கீங்க அக்கா?"

"ஹைவேல லா, பிள்ளையக் கூட்டிக்கிட்டுத் திரும்பி வர்றோம். ரோடு வேலை நடக்குது. ரெண்டு பக்கமும் சிமெண்டுத் தடுப்பு வச்சிருக்கான்."

"ஓரத்துல ஒதுங்க எடம் இருக்கா?"

"ஒரு ஆள் நிக்கக்கூட எடமில்ல."

"பின்னாடி?"

"லாரி. ஒட்டிக்கிட்டு வர்றான். மழையில ஒண்ணும் தெரியல."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. சூசை அண்ணன் குரல் வந்தது. "செலின், நீங்கதானே சொன்னீங்க, ஒரு அடிகூட நகரக்கூடாதுன்னு. நான் ஸ்லோ பண்ணிட்டேன். ஆஃப் பண்ணவா?"

அதற்குள் ஃபோர்மேன் என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். சிவப்பு லைட் என்ற வார்த்தை காதில் விழுந்தால் அவர் எங்கிருந்தாலும் வந்துவிடுவார். கழுத்தில் கத்தி வைப்பதுபோல் விரலால் காட்டினார். ஆஃப் பண்ணச் சொல்லு என்று அர்த்தம். அவர் சொல்வதில் தப்பே இல்லை. ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடினால் அந்த இன்ஜின் சில நிமிஷங்கள்கூடத் தாங்காது. எனக்கும் அது தெரியும்.

பின் சீட்டில் குழந்தை இருக்கிறது. அதுவும் எனக்குத் தெரியும்.

"அண்ணே, நிறுத்தாதீங்க" என்றேன். "ஓட்டுங்க."

ஃபோர்மேன் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

"இன்ஜின்?" என்றார் சூசை அண்ணன்.

"போகட்டும்."

வைப்பர் வேகமாக அடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர், ஒரு சின்னப் பையன் அனுமதி கேட்பதுபோல், "போகட்டுமா?" என்றார்.

"போகட்டும் அண்ணே. ரெண்டு பக்க சிக்னலையும் போட்டு விடுங்க. தடுப்பு முடியுற எடம் வரைக்கும் ஒரே சீரா ஓட்டுங்க. இன்ஜின் தானா நின்னுச்சுன்னா ஸ்டீரிங் கனமாயிடும், பிரேக் கட்டையா இருக்கும். பயப்படாதீங்க, பலமா மிதிச்சா பிடிக்கும்."

"தட்டுது செலின். உள்ள தட்டுது."

"தட்டட்டும்."

"ரொம்பத் தட்டுது."

மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கும் அந்தச் சத்தம் கேட்டது. இத்தனை நாளாக அவர் அனுப்பிய எந்தப் பதிவிலும் கேட்காத சத்தம். இரும்பை இரும்பால் அடிக்கிற சத்தம். டாக்டரம்மா தன் ஏசியை மறந்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பின்னாலிருந்து, "அப்பா, அதோ எடம் இருக்கு, இடது பக்கம்" என்று சொல்வது கேட்டது. பெரிதாக ஏதோ இறுகுகிற சத்தம்; இன்ஜின் நின்றுவிட்டது. சக்கரம் தண்ணீரில் உருளும் சத்தம். பிறகு அந்த ஹாரன் அவர்களைக் கடந்து தூரமாகப் போனது.

"நின்னுட்டோம்" என்றார் ரெஜினா அக்கா. "தடுப்புக்கு வெளியில வந்துட்டோம். புல்லு மேல நிக்குறோம்."

"பிள்ளை?"

"தூங்குறான். இவன் தாத்தா மாதிரி இல்ல."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். காரை இழுத்துவரும் லாரியை அனுப்பினோம். மருமகனும் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து தாயையும் பிள்ளையையும் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

சூசை அண்ணனும் ரெஜினா அக்காவும் லாரியிலேயே காரோடு வந்தார்கள். அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். லாரியிலிருந்து இறங்கும்போது அவர் கையில், வழியில் ஒரு கடையில் தாப்பாவ் பண்ணிக் கட்டி வாங்கிய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் இருந்தது. எனக்கும் சேர்த்து வாங்கி வந்திருந்தார். "பசிச்சுது செலின்" என்றார், ஏதோ தனக்கே ஆச்சரியமாக இருப்பதுபோல்.

மறுநாள் இன்ஜினைத் திறந்தார்கள். ஆயில் பம்பை ஓட்டும் செயின் அறுந்திருந்தது. அதை முன்கூட்டியே யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. சேவல் சத்தத்துக்குப் பின்னால் எவ்வளவு நேரம் கேட்டிருந்தாலும் கேட்டிருக்காது. இன்ஜின் முழுசாகப் போய்விட்டது. ஃபோர்மேன் உள்ளேயிருந்து கருகிப்போன ஒரு பேரிங்கைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"பாருங்க அக்கா, நீங்க பண்ணின வேலைய. அங்கேயே நிறுத்தியிருந்தா பம்ப் செயின மட்டும் மாத்தி அனுப்பியிருப்பேன்."

"லாரி இடிச்சிருந்தா?"

"இடிக்கலயே."

"அதான்."

அவருக்குக் கோபம் அவ்வளவு சீக்கிரம் தணியவில்லை. இன்ஜின் என்றால் அவருக்கு உயிர். அதற்காகத்தான் நம்மிடம் ஆட்கள் கார் கொண்டுவருகிறார்கள் என்பதையும் மறக்காதீர்கள். அவர் இன்ஜின் பக்கம் நின்று பேசத்தான் வேண்டும். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் பக்கம் பேச ஒருவர் வேண்டுமே, அதற்குத்தான் முன் மேசை.

அடுத்து உத்தரவாதக் கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்தார். கார் வாங்கும்போது சூசை அண்ணன் இன்ஜினுக்கு உத்தரவாதமும் சேர்த்து எடுத்திருந்தார். தம்பி நல்ல மாதிரி. முழுக்கைச் சட்டையில் வியர்த்துப்போய், தன் டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்:

"லைட் வந்ததும் டிரைவர் உடனே நிறுத்திட்டாருன்னு போட்டுக்கவா அக்கா? போட்டா ஈசியா முடிஞ்சிரும்."

அவர் உதவி செய்கிறார் என்பது எல்லாருக்கும் புரிந்தது. சூசை அண்ணன் தரையைப் பார்த்தார். முதலாளி கண்ணாடி அறைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனிதருக்குப் புது இன்ஜின் கிடைத்துவிடும். ஓட்டச் சொன்னவள் நான். அதற்கு நானே ஒரு பொய்யும் சொல்லிவிட்டால் என்ன என்றுகூட மனம் போனது. ஆனால் உள்ளே ஒவ்வொரு பேரிங்கும் கருகிக் கிடக்கிறது. உடனே நிறுத்திய இன்ஜின் அப்படிக் கருகாது. இந்தப் பையன் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவான், வேறு யாராவது வந்து திறந்து பார்த்தால் மாட்டுவது அவனும் சூசை அண்ணனும்தான். நான் வாயைத் திறப்பதற்குள் ரெஜினா அக்கா முந்திக்கொண்டார்.

"இல்ல தம்பி. நிறுத்தல. இவங்க ஓட்டச் சொன்னாங்க, இவரு ஓட்டினாரு. எங்க பேரன் இப்ப வீட்ல தூங்குறான். அதையும் எழுதிக்கோங்க."

"அதுக்கு இதுல எடம் இல்லயே ஆன்ட்டி."

"எடம் இல்லாட்டி ஓரமா எழுதுங்க."

தம்பி, ரோடு வேலை நடந்த இடம் எது, தடுப்பு எங்கே முடிந்தது என்றெல்லாம் கேட்டு உண்மையாகவே எழுதிக்கொண்டார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். கம்பெனி பம்ப் செயினுக்கு மட்டும் ஒத்துக்கொண்டது. இன்ஜின் இல்லாத காருக்குப் புத்தம் புதிய பம்ப் செயின். ஃபோர்மேன் பல நாள் கழித்து முதல்முறையாகச் சிரித்தார்.

இனிமேல் அந்தக் காரை விற்றுவிடுவார் என்று நான் நினைத்தேன். சூசை அண்ணன் ஒருநாள் தனியாக வந்தார். லிப்டில் தொங்கிக்கொண்டிருந்த காருக்குக் கீழே ரொம்ப நேரம் நின்று பார்த்தார். பிறகு என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

"எத நெனச்சுப் பயந்தேனோ அது நடந்துடுச்சு செலின்."

"ஆமா அண்ணே."

"நடந்த அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன். கார் வாங்கினதுலேருந்து அப்படித் தூங்கினதே இல்ல." நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, "அப்ப நான் இவ்வளவு நாளா எதுக்குப் பயந்தேன்?" என்று கேட்டார்.

நான் அவருக்கு டீ சொன்னேன். குடித்து முடித்துவிட்டு, ஹாஃப் கட் கடைகளில் விசாரிக்கலாமா என்று கேட்டார். வெளிநாட்டிலிருந்து பாதிக் காராக வெட்டி வரும் வண்டிகளில் நல்ல இன்ஜின்கள் கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஃபோர்மேன் தானே நேரில் போய்க் கடை கடையாகப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துவந்து மாட்டினார். மாட்டி முடிக்கும்வரை என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் அந்த வேலையை வேறு யாரையும் தொடவும் விடவில்லை.

காரை எடுக்க இருவரும் வந்தார்கள். நான் சாவியைக் கொடுத்தேன். சூசை அண்ணன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, பழையபடி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார். "செலின், இந்த இன்ஜின்ல என்னென்ன கவனிக்கணும்? எல்லாத்தையும் சொல்லிடுங்க."

நான் ஆரம்பிக்கப் போனேன். ஏற்கெனவே ஓடிய இன்ஜின், கொஞ்சம் ஆயில் குடிக்கும், அது சகஜம்தான், அளவை மட்டும் அவ்வப்போது பார்த்து ஊற்ற வேண்டும் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அவருக்குப் பின்னால் நின்ற ரெஜினா அக்கா என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். வேண்டாம் என்று.

"ஒண்ணும் இல்ல அண்ணே" என்றேன். "ஓட்டுங்க. சர்வீஸுக்கு மட்டும் நேரத்துக்குக் கொண்டு வாங்க."

அவர் காரைச் சுற்றிப் பார்க்கப் போனதும் ரெஜினா அக்கா மேசையருகே குனிந்தார். "வார்டுல நாங்க பாத்திருக்கோம் செலின். சில பேருக்கு எல்லாத்தையும் சொன்னா, வியாதியவிட அது பெருசாயிடும். எங்கிட்ட சொல்லுங்க."

சொன்னேன். அளவை எப்படிப் பார்ப்பது, எங்கே ஊற்றுவது, எவ்வளவுக்கு மேல் ஊற்றக்கூடாது. ஒழுங்காகக் கேட்டுக்கொண்டார். எது வந்தாலும் தானே சமாளிக்கப் பார்க்காமல் காரை இங்கே அனுப்ப வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டு, ஒரு டின் ஆயிலை அவருடைய பாசார் கூடைக்குள் கீரைக்கு அடியில் வைத்தேன்.

பிள்ளைகளே, உங்களிடம் கார் கொண்டுவருகிறவர்களில் பலருக்கு உண்மையை முழுசாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடுவது துரோகம். ஆனால் அந்த வீட்டில் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தெம்புள்ளவர் யார் என்று பார்த்து அவரிடம் சொல்லுங்கள். ஸ்டீரிங்கைப் பிடித்திருப்பவராகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அந்தக் கார் இன்னும் ஓடுகிறது. பேரனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஜொகூர் வரைக்கும் போய்வந்துவிட்டார்கள். காலையில் சூசை அண்ணன் நடக்கப் போனதும் ரெஜினா அக்கா பானெட்டைத் திறந்து பார்த்து, குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு, டின்னை அரிசி வாளிக்குப் பின்னால் வைத்துவிடுகிறார். நான் ஓய்வு பெற்ற பிறகும், ஏதாவது சந்தேகம் வந்தால் சமையலறையிலிருந்து தாழ்ந்த குரலில் எனக்குத்தான் போன் பண்ணுவார்.

சூசை அண்ணனோ கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்: "ஜெர்மன்காரன் இன்ஜின்லயே இது ஒண்ணுதான் லா. ஒரு சொட்டு ஆயில் குடிக்கிறதில்ல."